குடும்பமா கழகமா என்று கேட்ட தம்பிக்கு

கல்முனைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய மச்சான் கொழும்புக் கழகம் ஒன்றில் மூன்று வருடமாக உதைபந்தாட்டம் ஆடுகிறார். மனைவி மட்டக்களப்பில், இப்போது ஏழு மாதம். மாலைதீவுக் கழகம் ஒன்று கூடிய சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது. கொழும்புக் கழகம் "உன்னை ஆளாக்கினது நாங்கள்" என்கிறது. மனைவி "ஊரோடு வந்திருங்கோ" என்கிறார். தொழிலாக ஆடும் ஒருவருக்குக் குடும்பத்தின் சந்தோசம் பெரிதா, கழக விசுவாசம் பெரிதா? பெரிய வீரர்கள் "குடும்பத்துக்காகப் போகிறேன்" என்பது உண்மையா, காசுக்குப் போடும் முக்காடா? இதுதான் கேள்வி.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். தேத்தண்ணிக் கடைச் சண்டை எல்லாம் அதில்தான் நடக்கிறது.

குடும்பத்தை ஒரு தட்டிலும் கழகத்தை மறு தட்டிலும் வைத்துத் தராசு பிடிப்பதே பிழை என்பது என் கட்சி. ஒரே கழகத்தில் ஆயுள் முழுக்க ஆடியவர்கள் என்று நாம் கும்பிடுகிற ஆட்களின் கதையைக் கொஞ்சம் கிண்டிப் பாருங்கள். உள்ளே ஒரு அம்மாவோ மனைவியோ பிள்ளையோ இருப்பார். வீட்டுக்காரர் ஊரை விட்டு வர விரும்பாததைத்தான் பாதி நேரம் நாங்கள் விசுவாசம் என்கிறோம்.

இத்தாலியின் டொட்டியை எடுங்கள். 1993 முதல் 2017 வரை ரோமா கழகத்துக்கு மட்டும் 786 ஆட்டங்கள். கடைசி ஆட்டம் முடிந்து அவர் மைதானத்தைச் சுற்றி வந்தபோது அரங்கமே அழுதது. அவர் சிறுவனாக இருந்த காலத்தில் ஏசி மிலான் ஆட்கள் வீடு தேடி வந்து கேட்டார்கள். அம்மா பியோரெல்லா மகனைத் தர முடியாது என்று அனுப்பிவிட்டார். அந்த வயதில் பையனுக்கு என்ன கழக விசுவாசம்? அம்மாவின் சொல்லைத் தட்டவில்லை, அவ்வளவுதான். பிறகு பெரிய ஆளானபோதும் ரியல் மட்ரிட் கேட்டது, அவர் போகவில்லை. அது வேறு கணக்கு. அதற்குள் ரோம் நகரமே அவருக்கு வீடாகிவிட்டது.

இங்கிலாந்தின் தென்கரையில் சவுத்ஹாம்டன் என்று ஒரு துறைமுக ஊர். அங்கே மெட் லெ டிசியே என்றொருவர் 1986 முதல் 2002 வரை ஆடினார். பெனால்டி அடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ரசிகர்கள் அவரைக் கடவுள் என்றே அழைத்தார்கள். 1990இல் லண்டனின் டொட்டன்ஹாம் கழகத்தோடு எல்லாம் பேசி முடித்த பிறகு அவர் பின்வாங்கினார். கலியாணம் பேசியிருந்த பெண்ணுக்கு லண்டனில் குடியேற விருப்பமில்லை. இதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். கடவுளுக்குப் படையல் வைத்த ரசிகர்கள் அந்தப் பெண்ணுக்கும் ஒரு பிடி வைத்திருக்கலாம்.

ஸ்பெயினின் ஜெசூஸ் நவாஸ் இன்னும் வெளிப்படையான ஆள். வீட்டு ஏக்கம் அவருக்கு நோயாகவே வந்தது. சொந்தப் பகுதியான செவில்லாவை விட்டுப் பயிற்சி முகாமுக்குப் போனால் பதற்றம் பிடித்து நடுவிலே திரும்பி வந்துவிடுவார். தேசிய அணிக்கு அவர் பிந்தி வந்ததற்கும் இதுதான் காரணம். பொறுமையாகச் சிகிச்சை எடுத்து மெல்ல மெல்லப் பழகினார். 2010இல் உலகக் கிண்ணம் வென்ற அணியில் இருந்தார். 2013இல் மன்செஸ்டர் சிட்டிக்குப் போகிற அளவுக்குத் தைரியம் வந்தது. 2017இல் ஊருக்குத் திரும்பி, செவில்லா கழகத்துக்காக 700க்கு மேற்பட்ட ஆட்டங்களோடு 2024 டிசம்பரில் ஓய்வு பெற்றார். இதில் விசுவாசம் எது, ஏக்கம் எது என்று பிரித்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது. அவராலும் முடியாது என்றே நினைக்கிறேன்.

மெஸ்ஸியின் கதையில் இது இரண்டு பக்கமும் ஓடுகிறது. 2020 ஓகஸ்டில் பார்சிலோனாவை விட்டுப் போக வேண்டும் என்று அவர் பதிவுத் தபால் அனுப்பினார். வீட்டில் சொன்னபோது மனைவியும் பிள்ளைகளும் அழுததாகவும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாற விருப்பமில்லை என்றும் அவரே பேட்டியில் சொன்னார். ஒப்பந்தத்தை முறித்துப் போவதென்றால் 700 மில்லியன் யூரோ கட்ட வேண்டும் என்று கழகம் கணக்கைக் காட்டியது. வழக்குப் போட மனமில்லாமல் நின்றார். அடுத்த வருடம் தலைகீழ். அவர் பாதிச் சம்பளத்துக்கு இருக்கத் தயாராக இருந்தும், லீக்கின் நிதி விதிகளுக்குள் அவரைப் பதிவு செய்ய பார்சிலோனாவால் முடியவில்லை. 2021 ஓகஸ்ட் 8இல் அழுதுகொண்டே விடைபெற்றார். 13 வயதில் வந்த பையன் அவர். முதல் வருடம் குடும்பம் அழுதது, அவர் தங்கினார், அடுத்த வருடம் குடும்பத்தோடு சேர்ந்து அழுதுகொண்டு போனார். பாரிஸில் இரண்டு வருடம் இருந்துவிட்டு 2023இல் மியாமிக்குப் போனபோதும் குடும்பம்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. அப்போது சவூதியில் இருந்து இதைவிடப் பெரிய காசு மேசையில் இருந்தது. அதனால் நான் அதை நம்புகிறேன்.

நம்பக் கஷ்டமான கதையும் உண்டு. ஆர்ஜென்டீனாவின் கார்லொஸ் டெவெஸ் 2010 டிசம்பரில் மன்செஸ்டர் சிட்டிக்கு எழுத்தில் விலகல் கேட்டார். மகள்மார் ஆர்ஜென்டீனாவில், பிரிவு தாங்கவில்லை என்றார். சில நாளிலேயே அதை மீளப் பெற்று, இன்னும் இரண்டரை வருடம் அதே கழகத்தில்தான் இருந்தார். 2015இல் உண்மையாகவே சின்ன வயதுக் கழகமான போகா ஜூனியர்ஸுக்குத் திரும்பினார். ஊரே கொண்டாடியது. ஒன்றரை வருடம் போனதும் சீனாவில் இருந்து பெருந்தொகை வந்தது. போய்விட்டார். மறுகா ஒரு வருடத்தில் திரும்பவும் போகாவுக்கு வந்தார். இவரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளின் நினைவும் காசின் இழுப்பும் ஒரே மனிதனுக்குள் ஒரே நேரத்தில் இருக்க முடியும். கத்தாருக்கும் குவைத்துக்கும் ஆள் அனுப்பிய மட்டக்களப்பு, அம்பாறை ஊர்களில் இதைத் தெரியாத வீடு இருக்கிறதா? பிள்ளைக்காகத்தான் போகிறோம், பிள்ளையை விட்டுவிட்டுத்தான் போகிறோம்.

குடும்பமும் கழகமும் உண்மையாகவே முட்டிக்கொண்ட கதை என்றால் எனக்கு டி மரியாதான் ஞாபகம் வருவார். ஆர்ஜென்டீனாவின் ரொசாரியோ அவருடைய ஊர். ரொசாரியோ சென்ட்ரல் கழகத்தில் தொடங்கியவர், அங்கேயே முடிக்க வேண்டும் என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். 2024 மார்ச்சில், திரும்பி வந்தால் குடும்பத்துக்கு ஆபத்து என்று மிரட்டல் கடிதம் வந்தது. போதைப்பொருள் கும்பல்கள் ஆட்டிப் படைக்கும் நகரம் அது. அவர் வரவில்லை. போர்த்துக்கலின் பென்பிகா கழகத்தில் இன்னொரு வருடம் ஆடினார். 2025இல்தான் சென்ட்ரலுக்குத் திரும்பினார். இங்கே ஒரு ரசிகனும் அவரைக் குறை சொல்ல முடியாது. இதற்கு முன்பும் 2015இல் மன்செஸ்டர் வீட்டில் குடும்பம் இருக்கும்போதே கொள்ளையர் புக முயன்றார்கள், அந்தப் பருவத்தோடு அவர் மன்செஸ்டர் யுனைடெட்டை விட்டுப் போயிருந்தார். அப்போது கேலி செய்தவர்கள் பலர். பயந்த மனைவியையும் குழந்தையையும் அந்த வீட்டில் வைத்துக்கொண்டு வாராவாரம் எப்படி ஓடுவது என்று அவர்கள் யோசிக்கவில்லை.

சரி, இதுவரை வீரர் பக்கம். கழகம் தன் பங்குக்கு என்ன செய்தது என்று யாரும் கேட்பதில்லை. விசுவாசம் என்றால் இரண்டு பக்கமும் போட வேண்டிய சீட்டு. ஒருத்தர் மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் வேறு.

2017 டிசம்பரில் டேவிட் சில்வாவுக்கு மாதம் நிரம்பாமல் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. ஸ்பெயினில் பல மாதம் ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடியது. மன்செஸ்டர் சிட்டி பயிற்றுவிப்பாளர் கார்டியோலா, வேண்டும்போது போ, முடிந்தபோது வா என்று விட்டுவிட்டார். வருவார், ஒரு ஆட்டம் ஆடுவார், விமானம் ஏறுவார். அந்தப் பருவத்தில் சிட்டி 100 புள்ளிகளோடு லீக்கை வென்றது. அதனால் கழகம் ஒன்றையும் இழக்கவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் கார்டியோலா அனுமதி கொடுத்த நாளில் முடிவு யாருக்கும் தெரியாது. குழந்தை பிழைத்தது. சில்வா 2020 வரை இருந்தார், கடைசிப் பருவத்தில் அணித்தலைவர். இப்போது மைதானத்துக்கு வெளியே சிலை நிற்கிறது.

மற்றப் பக்கத்துக்கு ஐஸ்லாந்தின் சாரா பியோர்க். பிரான்ஸின் லியோன் பெண்கள் அணியில் ஆடியபோது 2021இல் கர்ப்பமாகி ஊருக்குப் போனார். சம்பளம் ஒழுங்காக வரவில்லை. உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீஃபாவின் தீர்ப்பாயத்துக்குப் போனார். 82,000 யூரோவுக்கு மேல் கொடுக்கும்படி கழகத்துக்கு உத்தரவு வந்தது. அவர் வென்றதற்குக் காரணம், 2021 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்த ஒரு விதி: குறைந்தது 14 வாரம் மகப்பேற்று விடுமுறை, சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு கட்டாயம். அதற்கு முன் பிள்ளை பெற்ற வீராங்கனைகள் எத்தனை பேர் பேசாமல் பூட்ஸைக் கழற்றி வைத்தார்களோ.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். வெளிநாட்டுக் கதையை அப்படியே இங்கே பொருத்த முடியாது.

முதலாவது, எங்கள் ஆண்களுக்குக் கழகம் மாறுவது பிறந்த அன்றே எழுதப்பட்ட விதி. மட்டக்களப்பில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிடமும் இதுதான் வழக்கம். குடி என்கிற குலம் தாய்வழி, வீடு பெண்ணுக்கு. நான் குருக்கள்மடத்தில் பிறந்து வளர்ந்தவன். கல்லடியில் கலியாணம் செய்தேன். பாயைச் சுருட்டிக்கொண்டு கல்லடிக்குப் போனேன், பூட்ஸும் கூடவே போனது. அடுத்த வருடம் ஒரு கிண்ணத்துக்கான சுற்றுப்போட்டியில் என் பழைய கழகத்துக்கு எதிராகவே ஆட வேண்டி வந்தது, கோலும் அடித்தேன். கரையில் நின்ற என் பெரியப்பா, "சீதனத்துக்கு மாப்பிள்ளையைக் குடுத்தம், கோலையும் சேர்த்துக் குடுத்திட்டம்" என்று சத்தம் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள், ஒருவரும் துரோகி என்று சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து அப்பா செத்தபோது பந்தல் போட்டதும், பெட்டி தூக்கியதும், ராத்திரி முழுக்க இருந்து தேத்தண்ணி ஊற்றியதும் அதே குருக்கள்மடத்துக் கழகத்துப் பொடியன்கள்தான். நான் எங்கே ஆடுகிறேன் என்று அன்றைக்கு யாரும் கணக்குப் பார்க்கவில்லை. ஊர்க் கழகத்தின் விசுவாசம் இந்த வகை. அது சட்டையின் நிறத்தோடு ஒட்டியது இல்லை.

இரண்டாவது, "குடும்பம்" என்ற சொல். ஐரோப்பிய வீரர் அதைச் சொன்னால் பெரும்பாலும் மனைவி, பிள்ளைகள். எங்கள் பொடியனுக்கு அந்தச் சொல்லுக்குள் இரண்டு வீடு இருக்கிறது. ஒன்று மனைவியின் வீடு, அவர் இருக்கும் வீடு. மற்றது தங்கச்சிக்காகக் கட்டப்படும் வீடு. அப்பாவோடு சேர்ந்து அண்ணன் தம்பிமார் உழைத்துத்தான் அதற்குக் கூரை போட வேண்டும். சுவர் லிண்டல் மட்டத்தில் நின்றுகொண்டிருக்கும், மாப்பிள்ளை வீட்டார் தேதி கேட்டுக்கொண்டிருப்பார்கள். மனைவி "நில்" என்பார், அம்மா ஒன்றும் சொல்லாமல் சுவரைப் பார்ப்பார். தம்பி, உங்கள் மச்சானுக்கு இதில் எத்தனை வீடு இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கழகமா குடும்பமா என்று அவரிடம் கேட்பதற்கு முதல் எந்தக் குடும்பம் என்று கேளுங்கள். பல பேர் கழகத்தின் மேல் கோபப்படுவது போல் காட்டுவது, இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் பதில் சொல்ல முடியாததால்தான்.

மூன்றாவது, இந்த நாட்டில் தொழில்முறை என்ற சொல்லே கொஞ்சம் மெல்லியது. இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளில் ஆடுபவருக்கு நிரந்தர வேலையும் ஓய்வூதியமும் பின்னால் இருக்கின்றன. எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பொடியனுக்கு அந்தக் கதவு எவ்வளவு திறந்தது என்பது வேறு கதை, இங்கே வேண்டாம். மற்றக் கழகங்களில் ஆடுபவருக்கு அந்தப் பருவத்துச் சம்பளம்தான், அதுவும் வந்தால். 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை பீஃபா இலங்கையைத் தடை செய்தபோது தேசிய அணியும் கழகங்களும் வெளியே எந்தப் போட்டிக்கும் போக முடியவில்லை. ஒருவருடைய கால் ஓடுகிற காலம் பத்து, பன்னிரண்டு வருடம். அதில் இப்படிப் போன மாதங்களை யாரும் திருப்பித் தருவதில்லை. ஆகவே மாலைதீவுக்குப் போகிறவனைக் காசாசை பிடித்தவன் என்று நான் சொல்லமாட்டேன்.

என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நானும் கொழும்பில் ஒரு கழகத்தில் மூன்று பருவம் ஆடினேன், பெயர் வேண்டாம். மூத்த மகள் பிறந்தபோது இரண்டு நாள் லீவு கேட்டேன். சனிக்கிழமை ஆட்டம் முடியட்டும் என்றார்கள். சனிக்கிழமை வென்றோம், புதன்கிழமையும் ஒரு ஆட்டம் இருக்கிறது என்றார்கள். இரவுக் கோச்சியில் மட்டக்களப்பு வந்து மகளைப் பார்த்தபோது அவளுக்கு ஒன்பது நாள். அந்த நேரம் எனக்கு இரண்டு மாதச் சம்பளமும் பாக்கி. நான் நின்றதற்குக் காரணம் விசுவாசம் என்றுதான் அன்று நினைத்தேன். உண்மையில் கேட்கப் பயம். அடுத்த பருவம் முழங்கால் போனது, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, ஒரு தொலைபேசி அழைப்பும் இல்லை. மனைவி இதை இருபது வருடமாக ஒரு முறையும் குத்திக் காட்டவில்லை. அதுதான் கூட வலிக்கிறது. மகள்தான் சில நேரம் பகிடியாக, "ஒன்பது நாள் கழிச்சு வந்த ஆள்" என்பாள்.

என் காலத்தில் இல்லாத ஒன்று இன்று உங்கள் மச்சானுக்கு இருக்கிறது. 2018 முதல் பீஃபாவின் விதியில், இரண்டு மாதச் சம்பளத்தைக் கழகம் கொடுக்காவிட்டால், எழுத்தில் அறிவித்து 15 நாள் அவகாசம் கொடுத்த பின் வீரர் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் வேறு கழகத்தோடு கையெழுத்திடலாம், அந்தப் புதுக் கழகம் பழைய கழகத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஆகவே மச்சான் முதலில் தன் ஒப்பந்தத்தை எடுத்து முடிவுத் தேதியைப் பார்க்கட்டும். கையில் ஒரு பிரதியே இல்லை என்றால், "ஆளாக்கினோம்" என்று சொல்லும் கழகத்திடம் முதலில் அதைக் கேட்கட்டும். ஒப்பந்தம் நடுவில் இருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் விமானம் ஏறுவதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நட்டஈடும் தடையும் வரலாம், அந்தச் சுமையும் கடைசியில் வீட்டின் தலையில்தான் விழும்.

ஆளாக்கினோம் என்ற பேச்சைப் பற்றி. கழகம் பயிற்சி கொடுத்தது உண்மை. அந்தக் கடனை மூன்று பருவம் ஓடி அடைத்திருக்கிறார். நன்றி வேறு, அது காலத்துக்கும் இருக்கட்டும். போகும்போது பயிற்றுவிப்பாளரை நேரில் கண்டு சொல்லிவிட்டுப் போகட்டும். ஏஜென்ட் வாயால் அவர் கேள்விப்படக் கூடாது.

மனைவி சொல்லும் "ஊரோடு வந்திருங்கோ" என்பதையும் அப்படியே ஒரு தீர்ப்பாக எடுக்க வேண்டாம். ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண் சொல்வது வேறு, பிள்ளைக்கு ஒரு வயது ஆன பின் சொல்வது வேறு. இங்கிலாந்து வீரர் ஹரி கேன் 2023இல் ஜெர்மனியின் மியூனிக் கழகத்துக்குப் போனபோது மனைவி நாலாவது பிள்ளையைப் பெறும் நேரம். குடும்பம் லண்டனில் தங்கியது, அவர் ஹோட்டலில் இருந்தார், பிறகு அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். கேனின் காசு மச்சானிடம் இல்லை என்பது தெரியும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிவு செய்யத் தேவையில்லை என்பதற்குச் சொல்கிறேன். கடைசி மாதத்தில் பக்கத்தில் இருப்பதா, ஒரு பருவம் முழுக்க ஊரில் இருப்பதா, மனைவி கேட்பது எது என்று உட்கார்ந்து பேசட்டும். மாமியார் இல்லாத நேரமாகப் பார்த்து.

என்னிடம் கேட்டால் மச்சான் இன்றைக்கே இரண்டு கழகத்துக்கும் ஒரே விசயத்தை எழுதி அனுப்பட்டும்: மகப்பேறு இந்த மாதம், அதையொட்டி எனக்கு மூன்று வாரம் வேண்டும், சம்பளம் வெட்டாமல், ஒப்பந்தத்தில் எழுதித் தர முடியுமா? மாலைதீவுக் கழகம் எழுதித் தந்தால், திரும்பி வரும் டிக்கெட்டையும் அதே தாளில் போடச் சொல்லிவிட்டுப் போகலாம். கொழும்புக் கழகம் எழுதித் தந்தால் இன்னொரு பருவம் அங்கேயே நிற்கலாம், சம்பளம் குறைவாக இருந்தாலும் கோச்சியில் ஒரு இரவுத் தூரம்தான். இரண்டு பேரும் "பிறகு பார்ப்போம்" என்றால் நேரே ஊருக்கு வரட்டும். கல்லடிக் கடற்கரையில் பின்னேரம் எப்போதும் ஆட்டம் நடக்கிறது, எங்களுக்கும் ஒரு இடதுகால்காரன் குறைவு.